மூன்று தடவை சொல்ல வேண்டிய பெயர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

‘அன்புள்ள’ என்பது பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டைவிட்டுப் போனதிலிருந்து என் போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறீர்கள், அதனால்தான் தபால்காரரைத் தொந்தரவு செய்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சௌக்கியம். ஊரான் படகையெல்லாம் இழைத்துப் பூசிச் சரிசெய்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் தன் படகுக்கு முன்னால் நின்று மோவாயைத் தடவிக்கொண்டிருக்கிறார். எந்தப் படகை உங்களைக் கேட்காமல் வாங்கினார் என்று பெட்டியைக் கட்டினீர்களோ, அதே படகுதான். மார்ச் மாதம் முதல் கலங்கரை விளக்குத் தீவுக்குச் சாமான் ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருக்கிறார். ரேடியோ வாங்கியாகிவிட்டது. ஆன்டெனாதான் பாக்கி.

கடையில் மூன்று இருக்கின்றன. ஒன்று முழங்கை நீளம், ஒன்று ஆள் உயரம், இன்னொன்று பந்தல்கால் மாதிரி. நீளம் அதிகமானால் பேச்சும் அதிக தூரம் போகும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பந்தல்கால்மேல் ஒரே கண். பக்கத்துப் படகுக்காரனிடம் அப்படி ஒன்று இருக்கிறதாம், இவருக்கு இல்லாவிட்டால் மானம் போய்விடுமாம்.

நான் பாய் தைக்கிறவள். எனக்கு ரேடியோவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. உங்களிடம் யோசனை கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. கரை வானொலி நிலையத்தில் உட்கார்ந்து கடலில் போகிற அத்தனை பேருக்கும் பதில் சொல்கிற மகாராணிக்கு, தன் வீட்டுக்காரர் படகில் என்ன நிற்கப்போகிறது என்று தெரிந்திருக்கட்டுமே என்றுதான்.

இப்போதைக்கு ரேடியோவில் ஒரு துண்டுக் கம்பியைச் செருகிவைத்துக்கொண்டு, தினமும் காலையில் நீங்கள் வானிலை வாசிப்பதைக் கேட்கிறார். கேட்டு முடித்ததும், “காத்து வேகத்தைத் தப்பாச் சொல்றா” என்கிறார். தினமும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜனவரி 16

குண்டூசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. யோசனை கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பக்கம் முழுக்க யோசனை கேட்டிருக்கிறாய். உனக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஏமாந்துபோகவில்லை.

போனை ஏன் எடுப்பதில்லை என்று உனக்கே தெரியும். உன் குரலைக் கேட்டால் அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பு ஞாபகம் வருகிறது. ஒரு படகிலிருந்து வந்த குரல் பாதியில் நின்று, பிறகு வரவே இல்லை; நான் ராத்திரி முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். உங்களுக்கு இந்தப் படகு வேண்டாம் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். “ரேடியோப் பெட்டி முன்னால உக்காந்துக்கிட்டு எனக்குக் கடலைப் பத்திச் சொல்லித் தராத” என்றார். அது பரவாயில்லை, அவர் அப்படித்தான். நீ வாசலில் நின்று சிரித்தாய். அது எனக்குப் பரவாயில்லை என்று ஆகவில்லை.

சரி, ஆன்டெனா. அந்தக் கடைக்காரரை ஒருநாளாவது கடலுக்குள் கூட்டிப்போய் வாந்தி எடுக்கவிட்டுக் கொண்டுவா. நீளமான ஆன்டெனா பேச்சைத் தட்டையாக நசுக்கி அனுப்பும். ஆடாத பெரிய கப்பலுக்கு அது சரி. உன் அண்ணன் வாங்கியிருப்பது துணி துவைக்கிற தொட்டி. அது இந்தப் பக்கம் சாயும்போது பேச்சு மீனுக்குப் போகும், அந்தப் பக்கம் சாயும்போது காக்காய்க்குப் போகும். எனக்கு வராது. நான் சொல்வது நிலையத்துக்கு.

ஆள் உயரமும் வேண்டாம். முழங்கை நீளத்தை வாங்கிப் பாய்மரத்தின் உச்சியில் வைக்கச் சொல். எவ்வளவு நீளம் என்பதில் ஒன்றும் இல்லை, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம். கேபிள் விரல் தடிமன் இருக்க வேண்டும். மெலிந்த கேபிளாக இருந்தால் பாதிப் பேச்சை வழியிலேயே தின்றுவிடும். உச்சியில் கேபிளை நேராக உள்ளே விடாமல் கொஞ்சம் தொங்கவிட்டு வளைத்து நுழைக்க வேண்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னால் வேண்டுமென்றே பந்தல்காலை வாங்குவார்.

உன் அண்ணி என்று இன்னும் சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பவள்


பிப்ரவரி 2

அண்ணிக்கு,

சிரித்தேன். இன்னொரு தடவை அப்படி நடந்தாலும் சிரிப்பேன். நீங்கள் இரண்டு பேரும் மூக்குக்கு மூக்கு நின்று கத்திக்கொண்டிருந்தபோது உங்கள் தலையில் ரேடியோவின் காதுக்கருவி அப்படியே இருந்தது. வேலையிலிருந்து கழற்றாமல் வீடுவரைக்கும் வந்திருக்கிறீர்கள். ஒயர் பின்னால் வால் மாதிரி தொங்கியது. யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். உங்களுக்கு அதைச் சொல்ல அன்றைக்கு யாருக்கும் தைரியம் இல்லை.

முழங்கை நீளமே வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் மனம் மாறிச் சொல்லியனுப்பினார் என்று உங்கள் வீட்டுக்காரரின் காதில் பூ சுற்றினேன். நம்பினார். உங்களைத் தவிர யார் என்ன சொன்னாலும் நம்புகிறவர் அவர்.

கேபிள் விஷயத்தில்தான் அவருடைய மேதாவித்தனம். தடித்த கேபிளை வாங்கி வந்துவிட்டு, பாய்மரத்தில் போட்ட ஓட்டை சின்னதாகப் போய்விட்டது என்று மூலையில் சுருட்டி வைத்துவிட்டார். ஆயுசு முழுக்க மரவேலை செய்தவருக்கு ஓட்டையைப் பெரிதாக்கத் தோன்றவில்லை. நேராக வீட்டுக்குப் போய், கூடத்தில் உங்கள் டிவிக்கு வருகிற கேபிளைச் சுவரோடு உருவிக்கொண்டு வந்து மாட்டிவிட்டார். கேட்டதற்கு, “டிவி பாக்க இப்ப யாரு இருக்கா” என்றார். கூடத்துச் சுவரில் ஆணி ஆணியாகப் பல்லிளிக்கிறது.

பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டுச் சோதனை செய்தார். மணி அடித்த மாதிரி கேட்டது. அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். படகுக்குப் பெயரும் எப்போதோ எழுதியாகிவிட்டது. என்ன பெயர் என்று கேட்காதீர்கள், எழுத எனக்கே கூசுகிறது.

இப்படிக்கு,
நாத்தனார்


பிப்ரவரி 8

குண்டூசிக்கு,

காதுக்கருவி விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் எல்லாரும் ஏன் பார்த்தார்கள் என்று இப்போது புரிகிறது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று குதிக்காதே.

டிவி கேபிள்! தலையில் அடித்துக்கொண்டேன். அது வேறு ஜாதி கேபிள். சுவருக்குள் சும்மா கிடக்கச் செய்தது. உப்புக்காற்று பட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதில் பேசுவதற்குப் பதிலாகப் படகின் முனையில் நின்று கையைக் குவித்துக் கூவலாம், செலவு மிச்சம்.

பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டாராம், கேட்டதாம்! எட்டிக் கை கொடுக்கிற தூரத்தில் ஈரக் கயிற்றைச் செருகினாலும் கேட்கும். என் குரல் அவருக்குக் கேட்கிறது என்பதாலும் ஒன்றும் ஆகிவிடாது. நிலையத்தின் கோபுரம் மலைமேல் நிற்கிறது, அதன் பலம் வேறு. துண்டுக் கம்பிக்கே நான் கேட்பேன். அவர் பேசுவது எனக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக ரேடியோ மாட்டுகிற எந்த மடையனும் அலைதடுப்பைத் தாண்டி வெளியே போய் எங்களைக் கூப்பிட்டு, கேட்கிறதா என்று கேட்பான். இந்த மாதம் எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். உன் அண்ணன் மட்டும் கேட்கவில்லை. என் குரலைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயமா?

தடித்த கேபிளை மாட்டு. அவரிடம் விடாதே, நீ மாட்டு. படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் சின்னதாக இன்னொரு ஆன்டெனாவும் வேண்டும். பாய்மரம் விழுந்தால் உச்சியில் இருப்பதும் அதோடு போய்விடும்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

மாட்டினேன். நான்தான் மாட்டினேன். உங்கள் வீட்டுக்காரர் பாய்மரத்தைச் சாய்த்துக் கொடுத்துவிட்டு, ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டு, நான் செய்வதை ஓரமாக நின்று நக்கலாகப் பார்த்தார். டிவி கேபிளின் முனையில் தடித்த கேபிளைப் பாய்நூலால் இறுக்கித் தைத்தேன். இந்தப் பக்கம் அதை உருவ, அந்தப் பக்கம் இது தானாக உள்ளே போய்விட்டது. நீங்கள் சொன்ன வளைவையும் விட்டேன். நுழைகிற இடத்துக்குக் கித்தானில் ஒரு தொப்பி தைத்துப் போட்டேன். உங்கள் நிலையத்தில் படித்துப் பட்டம் வாங்கினவர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். பாய்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் வேலையை மட்டும் அவரிடம் விட்டேன்.

அந்தச் சின்ன ஆன்டெனாவைப் பின்பக்கக் கம்பியில் மாட்டியபோது, “இதென்ன ஸ்டெப்னியா” என்று சிரித்தார். ஆமாம் என்றேன்.

இனி நிலையத்தைக் கூப்பிடாததைச் சொல்கிறேன். பயம் உங்கள் குரலுக்காக இல்லை. அதைத்தான் தினமும் காலையில் டீயோடு சேர்த்துக் குடிக்கிறாரே. உங்களைக் கூப்பிடும்போது படகின் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டுமாமே. அதுதான் சங்கடம்.

சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். படகுக்குச் ‘சண்டைக்காரி’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

வீட்டில் உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று மூன்றாவது வீட்டுக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? நீங்கள் வீட்டைவிட்டுப் போன அதே வாரத்திலேயே எழுதிவிட்டார், சிவப்பு வண்ணத்தில், முழ நீளத்துக்கு. எழுதும்போது ரேடியோ ஞாபகமே இல்லை. இப்போது வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்கிறார். கடலில் இருக்கிற எல்லாப் படகும் கேட்கும்படி உங்களிடம் அதை மூன்று தடவை சொல்ல வேண்டும். நீங்களும் பதிலுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்? நினைத்து நினைத்துத் தையல்மெஷின்மேல் விழுந்து சிரித்தேன்.

நீங்கள் வேலையில் இல்லாத நேரத்தைச் சொல்லுங்கள், அப்போது கூப்பிட்டுச் சோதித்துக்கொள்கிறேன் என்கிறார்.

நாத்தனார்


பிப்ரவரி 18

குண்டூசிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் அந்தப் படகைக் கவிழ்த்துப் போட்டுப் பெயரைச் சுரண்டியிருப்பேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு புடவை எடுக்கும்போது நிறம் கேட்கத் தெரியவில்லை. என் பெயரைத் தொட்டிமேல் எழுத மட்டும் சிவப்பு வண்ணம் தேடிப் போயிருக்கிறார். அதுவும் நான் கிளம்பிப் போன அதே வாரத்திலேயே. அவமானப்படுத்தவா, இல்லை வேறு எதற்காக? நீ கேட்டுச் சொல்ல வேண்டாம். எனக்குத் தேவையில்லை.

பெயரை மாற்ற முடியாதா என்று கேட்பாய். பதிவு செய்துவிட்டால் அந்தப் பெயர்தான். அவருடைய அறிவுக்கு அதையும் முதல் வேலையாகச் செய்திருப்பார்.

திங்கட்கிழமை காலையில் நான் இருக்க மாட்டேன். கொட்டாவி இருப்பான். எங்கள் நிலையத்தில் அவனுக்கு அதுதான் பெயர், உலகமே முங்கினாலும் வாயைத் திறந்து மூடிவிட்டுத்தான் பதில் சொல்வான். யார் என்ன பெயர் சொன்னாலும் அவனுக்கு ஒன்றுதான். அலைதடுப்பைத் தாண்டிப் போய்க் கூப்பிடச் சொல். சோதித்துப் பார்க்காமல் தீவுக்குப் போகக் கூடாது. இதை மட்டும் அண்ணி சொன்னாள் என்றே சொல்.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

திங்கட்கிழமை போனோம். அலைதடுப்பைத் தாண்டினோம். உங்கள் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ரேடியோவின் பட்டனை அழுத்தினார். “கரை நிலையம், கரை நிலையம், கரை நிலையம், இது…” என்றார். கையை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். ரேடியோவைத் துணியால் துடைத்து வைத்தார். “நல்லா வேலை செய்யுது” என்றார். கேட்டவன் எவனாவது இருந்தால், பைத்தியம் ஒன்று கடலில் சுற்றுகிறது என்று நினைத்திருப்பான். நானே பேசுகிறேன் என்று கையை நீட்டினேன், அது என் படகு, நான்தான் பேசுவேன் என்று பிடுங்கிக்கொண்டார். இவரைப் போய் என் அம்மா பத்து மாதம் சுமந்திருக்கிறாள்.

வியாழக்கிழமை தீவுக்குக் கிளம்புகிறோம். கலங்கரை விளக்குக்காரர்களுக்குக் கித்தான் மூடி தைத்திருக்கிறேன், அளவு பார்க்க நானும் கூடப் போகிறேன். சோதிக்காமல் போகக் கூடாது என்று அண்ணி சொன்னதையும் சொன்னேன். “சொல்லட்டும்” என்றார்.

நாத்தனார்


மார்ச் 6

குண்டூசிக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் கரைக்கு வந்து சேர்ந்தீர்கள் என்று, உங்கள் படகை இழுத்துவந்த இழுவைப் படகுக்காரர் சொன்ன பிறகுதான் நாற்காலியைவிட்டு எழுந்தேன். அதனால் நிதானமாகத் திட்டுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை கொட்டாவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான்தான் உட்கார்ந்திருந்தேன். “இது…” வரைக்கும் எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது, நீ மாட்டிய கேபிளில் குறை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அரைநாள் காத்திருந்தேன். பெயரை விழுங்கிவிட்டார் உன் அண்ணன்.

நேற்று மதியம் ஒரே இரைச்சல். நடுவில் ஏதோ ‘காரி’ என்று மட்டும் வந்தது. படகின் பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். யாரோ திருடப்போகிறவன் மாதிரி முணுமுணுத்தார். மற்ற படகுகளையெல்லாம் வாயை மூடச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டேன். அப்போது பின்னாலிருந்து உன் குரல், “சத்தமாச் சொல்லித் தொலைண்ணா” என்று. பிறகுதான் கத்தினார். “சண்டைக்காரி, சண்டைக்காரி, சண்டைக்காரி.” அறையில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கொட்டாவிகூட.

பாய்மரம் எப்படி விழுந்தது? இழுவைப் படகுக்காரர் ஏதேதோ சொல்கிறார். நீ சொல்.

அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

எப்படி விழுந்ததா? உங்களால்தான். கேபிளை மாற்றச் சொன்னது யார்? மாற்றுவதற்காகப் பாய்மரத்தைச் சாய்த்தோம். திரும்ப நிறுத்தும்போது பாய்மரத்தைத் தாங்குகிற கம்பிக்கயிற்றை இழுத்துப் பிடிக்கிற திருகாணியை முடுக்கினார், அது கழன்று போகாமல் இருக்கச் சுற்றுகிற பூட்டுக்கம்பியைப் போடவில்லை. ஊர்ப் படகுக்கெல்லாம் போடுகிறவர், தன் படகுக்கு மறந்துவிட்டார். தீவு கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் பாய்மரம் பக்கவாட்டில் சரிந்தது. என் கித்தான் தொப்பியும் உங்கள் முழங்கை ஆன்டெனாவும் தண்ணீருக்குள் போயின. கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. காற்று பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டே போனது. ஸ்டெப்னி மட்டும் பின்னால் நின்றது.

கேபிளை ஸ்டெப்னிக்கு மாற்றிச் செருகப் பார்த்தேன், இரண்டு தடவை தவறவிட்டேன். அவர்தான் செருகினார். பட்டனை அழுத்தினார். அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார் என் அண்ணன். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

உங்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். இழுவைப் படகுக்காரரும் தன் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாராம். அவர் உங்களைவிடத் தூரத்தில் இருந்தார், அவரிடம் மலைமேல் கோபுரம் ஒன்றும் இல்லை. முதல் தடவையே பெயர் தெளிவாகக் கேட்டது என்கிறார். அப்படியானால் உங்களுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? உயிர் போகிற நேரத்தில், எல்லாப் படகும் கேட்க அவரை மூன்று தடவை சொல்லவைத்து வேடிக்கை பார்த்தீர்களா? அப்படி இருந்தால், அன்றைக்கு நான் சிரித்தது ஒன்றுமே இல்லை அண்ணி.

பிறகு நீங்கள் பதில் சொன்னீர்கள். “சண்டைக்காரி, கேக்குது. சொல்லுங்க.” வானிலை வாசிக்கிற அதே குரலில். அதைக் கேட்டதும் என் அண்ணன் சாமான் மூட்டைமேல் உட்கார்ந்து, இடம் என்ன என்று நீங்கள் கேட்டதற்குக்கூடப் பதில் சொல்லாமல் அழ ஆரம்பித்துவிட்டார். மீதியெல்லாம் நான்தான் சொன்னேன்.

இப்போது துறைமுகத்தில் அவர் நடந்தால், கரைக்கு வருகிற ஒவ்வொரு படகிலிருந்தும் “கேக்குது, சொல்லுங்க” என்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டு போகிறார். பெயரை அழிக்கவில்லை.

குண்டூசி


மார்ச் 15

குண்டூசிக்கு,

இழுவைப் படகுக்காரர் சொன்னது உண்மை. முதல் தடவையே எனக்கும் கேட்டது. ‘காரி’ மட்டும் இல்லை, முழுசாகக் கேட்டது. பதில் சொல்லப் பட்டனை அழுத்தினேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. திரும்பச் சொல்லுங்கள் என்பது மனப்பாடமாக வாயில் இருக்கிற வார்த்தை, அதை மட்டும்தான் சொல்ல முடிந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே, மற்ற படகுகளை வாயை மூடச் சொன்னதும் அந்த மனப்பாடம்தான். அந்த நேரத்திலேயே நான் கைகாட்டியதும் கொட்டாவி இன்னொரு ரேடியோவில் இழுவைப் படகுக்காரரைத் தீவுப் பக்கமாகக் கிளப்பிவிட்டான், ஒரு நொடிகூட வீணாகவில்லை. ஆனாலும் நீ கேட்டது கேட்க வேண்டிய கேள்விதான். பயந்துபோனேன், குண்டூசி. இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து இப்படிப் பயந்ததில்லை. இதை யாரிடமாவது சொன்னாயானால் உன் தையல்மெஷினைக் கடலில் போடுவேன்.

பாய்மரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டீர்களா? நான் வந்து பார்க்கும்வரைக்கும் பூட்டுக்கம்பியை என் வீட்டுக்காரர் தொடக் கூடாது, கேபிள் முனையில் இருக்கிற கனெக்டரையும் தொடக் கூடாது. உச்சிக்குப் புது ஆன்டெனா நானே வாங்கி வருகிறேன், அந்தக் கடைப்பக்கம் அவரைப் போகவிடாதே. காற்று வேகத்தை நான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை என்றும் அவரிடம் சொல்.

டிவி கேபிளை எங்கேயும் தூக்கிப் போட்டுவிடவில்லையே? கூடத்துச் சுவரில் எந்த ஆணியிலிருந்து உருவினாரோ அதே ஆணியில் மாட்டிவைக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

சண்டைக்காரி